அஞ்சு குவார்க் விவகாரம்

நவம்பர் 18, செவ்வாய்

விடியும்போதே வாடைக்காத்து. முகத்துவாரம் பக்கம் படகு எதுவும் போகலை. நம்ம நண்டு ஷெட்டுக்கு வந்தது ரெண்டே கூடை. நண்டு கட்டற கயிறு தீர்ந்துபோச்சு, பொன்னேரி போறவங்ககிட்ட சொல்லி விடணும். ஐஸ் ரூம் கதவுக்கு எண்ணெய். சூளூர்பேட்டை நண்டு வண்டி வியாழக்கிழமை எளாவூர் வழியா வரும், டிரைவருக்கு போன் போடணும்.

ஃபரீதா மாடி ரூமை விட்டு இறங்கலை. என் சம்சாரம். இனிமே ஃப.னு எழுதறேன், முழுப் பேரையும் எழுதறதுக்குள்ள டீ ஆறிடுது. சென்னையில ஆராய்ச்சி வேலை. இந்த மாசம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்னு உத்தரவு வாங்கியிருக்கா. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல ஒரு மாசம் முழுசா அவ இங்கே இருக்கறது இதான் முதல் தடவை.

ராத்திரி சாப்பாட்டுல சொன்னா: "திங்கக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் பெட்டி திறக்கறோம்." சொல்லிட்டு மோருக்குப் பதிலா தண்ணியை ஊத்திப் பிசைஞ்சா. சாப்பிட்டும் முடிச்சா.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும்:
– பூமிக்கு அடியில பெரிய வளையம். ஐரோப்பாவுல. அதுல புரோட்டானும் புரோட்டானும் மோதும்.
– புரோட்டானுக்குள்ள குவார்க்னு இன்னும் சின்னத் துகள் மூணு. வேற சில துகள்ல ரெண்டு. அஞ்சு ஒண்ணா சேர்றது அபூர்வம். ஒரு சில வகை பார்த்திருக்காங்க. இவங்க தேடறது இதுவரைக்கும் யாரும் பார்க்காத சேர்க்கை.
– அது நிக்காது. உடனே உடைஞ்சுடும். உடைஞ்சு ஓடற துண்டுங்களை வச்சுக் கணக்குப் போட்டு, முதல்ல இருந்ததோட எடையை எழுதுவாங்க. இப்படி லட்சக்கணக்குல எழுதிப் படமா போட்டா, ஒரே எடையில ஒரு மேடு எழும்பணும். எழும்பினா இருக்கு. இல்லேன்னா இல்லை.
– மேடு வரவேண்டிய இடத்தை இவங்களே மூடி வச்சிருக்காங்க. ஆசையில கணக்கை வளைச்சுடக்கூடாதுன்னு. அதான் பெட்டி. எல்லா முறையும் முடிவான பிறகுதான் திறக்கணும்.

உம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே என்கிட்ட: "மேல உட்கார்ந்து எதைத்தான் தேடறா?" ஃப. பக்கத்துலதான் நிக்கறா. அவகிட்ட கேட்கலாம். கேட்கமாட்டாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் நடந்த பேச்சு: உப்பு, சிலிண்டர், கரண்ட்.

நவம்பர் 19, புதன்

தூறல். ஷெட்டுக்கு நண்டு கொண்டு வர்ற தேசம்மா, ஏரியில கையால துழாவிப் பிடிச்சது ஆறு, ஆறும் நல்ல பெருசு. ஒண்ணு என் கட்டை விரலைப் பிடிச்சுது.

எழுதவே கூச்சமா இருக்கு. எழுதிடறேன்.

டீக்கடையில சேகர். ஷேர் ஆட்டோ ஓட்டறவன், பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நாளைக்கு எட்டு நடை. "இன்னா பாய், மூஞ்சி இன்னிக்கு ஒரே பிரகாசமா கீது?"ன்னான். சும்மா இருந்திருக்கலாம். "வீட்ல அஞ்சு குவார்க் பிடிக்கப்போறாங்க, திங்கக்கிழமை. யாருகிட்டயும் சொல்லிடாதே"ன்னு சொல்லிட்டேன். பின்னாடியே லாரி ஹாரன். அவனுக்கு எவ்வளவு காதுல விழுந்ததுன்னு தெரியலை. தலையை மட்டும் ஆட்டினான்.

ஃப. முதல் நாளே சொல்லியிருக்கா: முடிவை அவங்க கமிட்டி வெளியிடற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது. அவளோட சொந்த அண்ணனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்ங்கறதே எனக்குப் பெருமையா இருந்துச்சு. பெருமைதான் வாயைத் திறந்துடுச்சு.

சேகர் நல்லவன். சொல்லமாட்டான்.

நவம்பர் 20, வியாழன்

நல்ல மழை. ஆந்திரா எல்லையில எளாவூர் செக்போஸ்ட்ல லாரி வரிசை, நம்ம வண்டி மூணு மணி நேரம் லேட். நண்டு கால்வாசி சோர்ந்துபோச்சு. ஈரச் சாக்கு மாத்திப் போட்டேன்.

தேசம்மா எடை போட வந்தவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. "வண்டிய உட்டுட்டாங்களா பாய்?"

"வரிசைதான்க்கா. வந்துடுச்சே."

"வண்டி வந்தா போதும். மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி தோளைத் தட்டிட்டுப் போனா. ஒண்ணும் விளங்கலை.

வீட்டுக்கு வந்தா ஃப. மாடிப்படியில உட்கார்ந்திருக்கா. முகம் வெளுத்து. யாருக்கோ உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்.

விஷயம் இது. உடைஞ்சு ஓடற துண்டுல ஒண்ணு புரோட்டான். கேயான்னு வேற ஒண்ணு உண்டு. அது சில சமயம் கருவியை ஏமாத்தி புரோட்டான் பேர்ல உள்ளே வந்துடும். ஆள்மாறாட்டம். அதை வடிகட்ட ஏற்கெனவே ஒரு விதி வச்சிருக்காங்க. இன்னிக்கு மத்தியானம் இவ அந்த விதியைப் பழைய மாதிரி இல்லாம வேற விதமா சோதிச்சுப் பார்த்திருக்கா. கொஞ்சம் நழுவி உள்ளே வருது. நழுவினதெல்லாம் சேர்ந்து எழுப்பற பொய் மேடு, சரியா அந்த மூடின பெட்டிக்குள்ளதான் வந்து விழும்.

"அப்போ திங்கக்கிழமை மேடு வந்தா?"

"நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. ஆனா எல்லாரும் கை தட்டிடுவாங்க."

சாயங்காலம் வீடியோ கால். நாலு பேர் இவங்க குழுவுல. பெரியவரை இவ சார்னு சொல்லுவா. மார்க்கோன்னு ஒரு இத்தாலிக்காரர், இவளை விட சீனியர். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் கீழே வரைக்கும் கேட்டுது. அப்புறம் இவ சொன்னது: "திங்கக்கிழமையைத் தள்ளினா ஜனவரி. அதுக்குள்ள இன்னொரு குழு முந்திடும்ங்கறார்."

"நீ இன்னா சொன்னே?"

"முந்தட்டும்னேன்."

சார் மட்டும் இவ பக்கம். திங்கள் காலைக்குள்ள புது வடிகட்டியோட எல்லாத்தையும் திரும்ப ஓட்டி முடிச்சா திறக்கலாம், முடியலைன்னா ஜனவரின்னு தீர்ப்பு.

நவம்பர் 21, வெள்ளி

மழை விட்டுது. ஜும்மா முடிஞ்சு செருப்பு மாட்டும்போது காதர் மாமா கையைப் பிடிச்சு ஓரமா கூட்டிட்டுப் போனார். ஜமாத் செயலாளர். வாப்பாவோட சிநேகிதர். ரொம்ப மெதுவா கேட்டார்.

"நிஜாமு, உள்ளதைச் சொல்லு. எளாவூர்ல உன் நண்டு வண்டியில அஞ்சு குவார்ட்டர் பிடிச்சாங்களாமே."

குவார்ட்டர்.

ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடலை. அப்புறம் எல்லாம் ஓடுச்சு. லாரி ஹாரன். சேகர் தலையாட்டினது. தேசம்மா தோளைத் தட்டினது. வண்டி லேட்டானது வேற சரியா ஒத்துப்போச்சு. அஞ்சு, பிடிக்கறது, குவார்ட்டர்: மூணும் சேர்ந்தா செக்போஸ்ட் தானா வந்துடும்.

"சத்தியமா இல்லை மாமா."

"பின்னே எங்கிருந்து வந்துது இந்தப் பேச்சு?"

பதில் இருக்கு. சொல்ல முடியலை. ஃப.வோட ரகசியம். "விசாரிச்சுச் சொல்றேன்"னு முழிச்சேன். முழிக்கறவனை யார் நம்புவாங்க? மாமா கையை விட்டுட்டார். "உன் வாப்பா பீடி கூடக் குடிக்காத மனுஷன்"னார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு நான் வர்றதுக்கு முன்னாடி சேதி வந்தாச்சு. உம்மா தட்டு வச்சாங்க, பிரியாணி வச்சாங்க, முகம் பார்க்கலை. ஃப. ஒண்ணும் தெரியாம கேயான் கணக்குலேயே சாப்பிட்டா.

அவகிட்ட இன்னிக்குச் சொல்ல முடியலை. அவளுக்கே ஏகப்பட்ட பாரம்.

சேகரைப் பிடிச்சேன். "நான் ஒருத்தர்கிட்டதான் பாய் சொன்னேன். அதுவும் வருத்தமா. பாய் குடிக்கற ஆளே இல்லியே, யாரோ வண்டியில வச்சு மாட்டி உட்டுட்டானுங்கன்னு." யாருகிட்டன்னு கேட்டேன். ஆட்டோவுல வந்த ஒருத்தர்கிட்ட. ஆட்டோவுல எத்தனை பேர்னு கேட்டேன். ஒன்பது.

நவம்பர் 22, சனி

காலை வெயில். ஏரியில பூநாரை பார்க்க சென்னைக் கார் நிறைய.

மாடிக்குப் போனேன். ஃப. ஓட விட்டிருக்கற புரோகிராம் பாதி தாண்டலை.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே."

"முதல்ல சொல்லுங்க. கோவப்படறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

எல்லாத்தையும் சொன்னேன். டீக்கடையிலிருந்து காதர் மாமா வரைக்கும். அவ ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே கேட்டா. நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

"குவார்ட்டரா?"ன்னா.

ஆமான்னேன்.

சிரிக்க ஆரம்பிச்சா. நாலு நாளா சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்துது. கண்ணுல தண்ணி. துப்பட்டாவால வாயை மூடிக்கிட்டு மறுபடியும் சிரிப்பு. அப்புறம் சட்டுனு நிறுத்திட்டுக் கேட்டா: "நீங்க சொன்னது அவ்வளவுதானா? எடை, நம்பர், வேற ஏதாவது?"

"எனக்கே தெரியாதே."

"அப்போ சொல்லக்கூடாதது எதையும் நீங்க சொல்லலை. நாங்க தேடறோம்ங்கறது ரகசியம் இல்லைங்க. மேடையிலேயே பேசியிருக்கோம். பெட்டிக்குள்ள இன்னா இருக்குங்கறதுதான் ரகசியம். அது எங்களுக்கே தெரியாது." அப்புறம் என் பக்கம் திரும்பி: "ஆனா சொல்லாதேன்னு ஒருத்தி கேட்டுக்கிட்டா, சொல்லக்கூடாது." இதைச் சொல்லும்போது சிரிக்கலை. அதுவும் சரி.

அப்புறம் அவளே புர்கா மாட்டிக்கிட்டுக் கிளம்பினா. "காதர் மாமா வீட்டுக்கு. நீங்களும் வாங்க. பேசாம உட்காருங்க."

மாமா வீட்டு ஹால். பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல வட்டம் வட்டமா போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினா. மாமா மூக்குக் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார். நடுவுல கேட்டார்: "அஞ்சுதானா? ஆறு இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம் மாமா. அதையும் ஒரு கூட்டம் தேடுது."

"கிடைச்சா இன்னா பிரயோஜனம்?"

"இப்போ ஒண்ணும் இல்லை. உங்க கை, இந்த நாற்காலி, எல்லாத்துக்கும் உள்ளே குவார்க்தான். அது எது எதோட சேரும், எவ்வளவு இறுக்கமா சேரும்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

மாமா அந்த வார்த்தையை நாலு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஜமாத் வாட்ஸப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு:

"அஸ்ஸலாமு அலைக்கும். நிஜாம் வீட்டு விஷயமா வந்த சேதி தப்பு. அது குவார்ட்டர் இல்லை, குவார்க். க்-ல முடியுது. அது பாட்டில்ல வராது. ஐரோப்பாவுல பூமிக்கு அடியில இருக்கு. அந்தப் புள்ளை படிச்சு ஆராய்ச்சி பண்ணுது. யாரும் எளாவூர் போய் விசாரிக்க வேண்டாம்."

உம்மா போன்லயும் வந்துது. ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்க. சமையக்கட்டுல இருந்து சத்தம் வந்துது, அதனால தெரியும்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடியும் கருத்துக்கிட்டு வருது. நண்டு அஞ்சு கூடை. சேகர் தானா வந்து கூடை தூக்கி வச்சான். மன்னிப்பெல்லாம் கேட்கலை, கூடை தூக்கினான்.

ஃப. சொல்றா: புது வடிகட்டி போட்டதுல நல்லதும் கொஞ்சம் போயிடும். போகட்டும்ங்கறா. மார்க்கோவும் அங்கே தனியா அதையே சோதிச்சிருக்கார். இன்னிக்கு அவர்கிட்டயிருந்து மெயில், ரெண்டே வரி: நீ சொன்னது சரி, நழுவத்தான் செய்யுது, நான் கத்தியிருக்கக்கூடாது. ஃப. அதை எனக்குப் படிச்சுக் காட்டினா. திரும்பவும் ஒரு தடவை படிச்சா.

புரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கு. நான் மணிக்கு ஒரு தடவை மேலே போய் எவ்வளவு ஆச்சுன்னு பார்க்கறேன். "நீங்க பார்த்தா வேகமா ஓடாதுங்க"ன்னா. சரின்னு இறங்கினேன். இருபது நிமிஷத்துல மறுபடியும் போனேன்.

நவம்பர் 24, திங்கள்

காலை ஏழுக்கு முடிஞ்சுது. எல்லாம் சரி. சார் ஓகே, மார்க்கோ ஓகே. இன்னிக்குத் திறப்பு.

பத்து மணிக்குக் கரண்ட் போச்சு. காத்துல மரம் சாய்ஞ்சு லைன் அறுந்துபோச்சாம், நாளைக்குத்தான் வரும்னாங்க. இன்வெர்ட்டர் நாலு மணிக்குக் காலி. பிராட்பேண்டும் செத்துப்போச்சு. ஃப. லேப்டாப்பை மூடித் திறந்து மூடிப் பார்க்கறா.

ஷெட்ல ஐஸ் ரூமுக்குன்னு ஜெனரேட்டர் இருக்கே. அஞ்சரைக்கு அங்கே கூட்டிட்டுப் போனேன். நண்டுக் கூடையைத் தள்ளி, எடை மேஜையைத் துடைச்சு, தார்ப்பாய் விரிச்சு. என் போன்ல ஹாட்ஸ்பாட். வாசப்படிக்கிட்ட வச்சாத்தான் சிக்னல், அதுவும் ரெண்டு கோடு. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியில நின்னேன்.

ஆறரை. ஸ்க்ரீன்ல சின்னச் சின்ன முகம். தேசம்மா அப்போதான் கூடையோட வந்தா. ஃப. கையைக் காட்டினா, இருங்கன்னு. தேசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு எடைக்கல் பக்கத்துல உட்கார்ந்தா.

மார்க்கோதான் ஏதோ பட்டனை அமுக்கினார். அங்கே எல்லாருக்கும் படம் வந்துடுச்சு. இங்கே வரலை. வட்டம் சுத்துது. சத்தமும் நின்னுபோச்சு. மார்க்கோ ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டார், அப்படியே உறைஞ்சு நின்னுது அந்த உருவம்.

ஃப. மூச்சு விடலை. நானும்.

தேசம்மா எட்டிப் பார்த்து: "சிரிக்கறானா அழுவறானா அந்த ஆளு?"

"தெரியலைக்கா"ன்னா ஃப.

போனை ஒரு சாண் உயரத் தூக்கினேன். ஒரு கோடு கூடுச்சு. படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. முதல்ல எழுத்து. அப்புறம் வெள்ளை. அப்புறம் ஒரு முனை. முனைக்குக் கீழே புள்ளிங்க. ரெண்டு பக்கமும் சமதரை, நடுவுல மேடு. எனக்கே தெரிஞ்சுது. ஒல்லியா, நேரா, யாரோ கையால கூட்டி வச்ச மாதிரி.

ஃப. எழுந்துக்கலை, கத்தலை. படத்துமேல விரலை வச்சு அந்த மேட்டைத் தடவினா. "இருக்குங்க"ன்னா.

சத்தம் திரும்பி வந்துது. எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க. மார்க்கோ இவ பேரைச் சொல்லி ஏதோ சொன்னார். சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தார். அப்புறம் நம்பர். அந்த மேடு தற்செயலா வந்திருக்க முடியாதுன்னு சொல்ல ஒரு அளவு இருக்காம். அஞ்சு வந்தாத்தான் கண்டுபிடிப்புன்னு சொல்லலாம். இவங்களுக்கு வந்தது நாலுக்கு மேலே, அஞ்சுக்குக் கொஞ்சம் கீழே.

"அஞ்சு குவார்க்னால அஞ்சா?"ன்னு கேட்டேன்.

"இல்லைங்க. எதுக்கா இருந்தாலும் அஞ்சுதான்."

"பழைய வடிகட்டியையே வச்சிருந்தா?"

"அஞ்சைத் தாண்டியிருக்கும்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. "அது பொய் அஞ்சு. இது நிஜ நாலு. அடுத்த வருஷத்து டேட்டாவையும் சேர்த்துப் பார்ப்போம். போகாது. இந்த மேடு எங்கேயும் போகாது."

தேசம்மா கிட்ட வந்து பார்த்தா. "இதுவா? இந்த மேட்டுக்கா இம்மாம் பாடு?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் தெரியுது."

ஃப. அவளைக் கட்டிக்கிட்டா. சேத்துக் கையோட தேசம்மா என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு கையையும் அகல விரிச்சுக்கிட்டு நின்னா. யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு ஃப. கேட்டுக்கிட்டதுக்கு, "இன்னான்னு சொல்லுவேன் நானு? பாய் ஷெட்ல மேடு பார்த்தேன்னா?"

வீட்டுக்கு நடந்தே வந்தோம். இருட்டு, சேறு, வழியெல்லாம் தவளைச் சத்தம். ஃப. நடுரோட்டுல ரெண்டு தடவை நின்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா, விழுந்துடற மாதிரி. விழலை. நான் இவ்வளவு சந்தோஷமா இருந்த நாள் வேற எதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். கல்யாண நாளைச் சொல்லணும். அன்னிக்குக் கூட ஷூ கடிச்சுது.

நவம்பர் 25, செவ்வாய்

வானம் வெளுத்திருக்கு. கரண்ட் இன்னும் வரலை. நண்டு இனிமேதான் பார்க்கணும்.

கமிட்டியில இருந்து ஃப.வுக்கு மெயில். மூணு பக்கம் முழுக்கக் கேள்வி. நான் பயந்துட்டேன். அவ, "நல்ல கேள்விங்க"ன்னு குஷியா இருக்கா. பதில் எழுத ஒரு வாரம் இன்ஸ்டிட்யூட்ல இருக்கணுமாம். பத்தரை பஸ்ல பொன்னேரி, அங்கிருந்து ரயில்.

பை கட்டியாச்சு. சார்ஜர், கோட்டு, உம்மா குடுத்த எறா ஊறுகாய் பாட்டில். சொல்லாமலே உள்ளே வச்சிருக்காங்க, துணி சுத்தி.

வாசல்ல செருப்பு மாட்டும்போது உம்மா வந்து நின்னாங்க. என்னைப் பார்க்கலை. ஃப.வைப் பார்த்து: "காதர் அண்ணன் சொன்னதைக் கேட்டேன். அந்த அஞ்சும் எவ்வளவு நேரம் ஒண்ணா இருக்கும்?"

ஃப.வுக்கு முதல்ல புரியலை. புரிஞ்சதும் குரல் மாறிடுச்சு. "நேரம்னே சொல்ல முடியாது மாமி. கண்ணு இமைக்கற நேரத்தைக் கோடித் துண்டு போட்டு, அதுல ஒரு துண்டை மறுபடியும் கோடித் துண்டு போட்டாக்கூட, அதைவிடக் கம்மி."

உம்மா யோசிச்சாங்க. "அப்போ அது இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரோட்டுல பஸ் ஹாரன் கேட்டுது. நான் பையைத் தூக்கினேன். ஃப. செருப்பைக் கழட்டிட்டா.

"உட்காருங்க மாமி"ன்னா. "ஒரு பேப்பர் கொண்டு வர்றேன்."

பத்தரை பஸ் போயிடுச்சு. அடுத்தது பதினொண்ணே கால். மணி இப்போ பன்னெண்டு.